எம்.ஜி.பி காரின் முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றுதல்

எம்.ஜி.பி என்பது இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாக்கப்பட்டதால், இன்றும் பல நாடுகளில் இது ஓடிக்கொண்டிருக்கிறது. உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்கின்றன. இக்காரின் முன்பக்க சஸ்பென்ஷன் கைகள் வண்டியோடு இணையும் இடங்களில் ரப்பர் புஷ்கள் உள்ளன. காலப்போக்கில் இவை தேய்ந்து, நசுங்கி, வெடித்துப் போகின்றன. அப்போது ஸ்டீயரிங்கின் துல்லியம் குறைகிறது, டயர்கள் சீரற்றுத் தேய்கின்றன, பிரேக் போடும்போது வண்டி ஒருபுறம் இழுக்கிறது. புஷ்களின் பணி, பழுதைக் கண்டறியும் முறை, புதிய புஷ்களைத் தேர்ந்தெடுத்தல், அவற்றை மாற்றும் வரிசைமுறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

புஷ் என்பது என்ன?

சஸ்பென்ஷன் கை ஒவ்வொரு முறை மேலும் கீழும் அசையும்போதும் அதன் உள்முனை ஓர் அச்சைச் சுற்றிச் சிறிது திரும்புகிறது. உலோகத்தின் மேல் உலோகம் நேரடியாக உராய்ந்தால் விரைவில் தேயும். சாலையின் அதிர்வு முழுவதும் வண்டியின் உடலுக்குள் வரும். இதைத் தவிர்க்கக் கையின் வளையத்திற்கும் அச்சுக்கும் இடையே வைக்கப்படும் உருளை வடிவ ரப்பர்த் துண்டே புஷ் ஆகும். இது மூன்று வேலைகளைச் செய்கிறது. கை திரும்புவதற்கு இடம் தருகிறது. சிறு அதிர்வுகளை உள்வாங்குகிறது. கையை அதன் சரியான இடத்தில் பிடித்து வைக்கிறது.

மூன்றாவது வேலையே ஓட்டுநரின் பாதுகாப்புடன் நேரடியாகத் தொடர்புடையது. பிரேக் அழுத்தப்படும்போது சக்கரத்தைச் சாலை பின்னோக்கித் தள்ளுகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளுகிறது. புஷ் தளர்ந்திருந்தால் கை இந்த விசைகளுக்கு ஏற்ப இடம் மாறுகிறது. ஸ்டீயரிங்கை ஓட்டுநர் அசைக்காதபோதே சக்கரத்தின் திசை மாறுகிறது.

முன்பக்க அமைப்பு

எம்.ஜி.பியின் முன்பக்கத்தில் இரு சக்கரங்களும் தனித்தனியே இயங்குகின்றன. எஞ்சினுக்குக் கீழே உள்ள தடித்த குறுக்குச் சட்டமே இந்த அமைப்பின் அடிப்படை. அதன் பாகங்கள் பின்வருமாறு:

கீழ்க் கைகள்: ஒவ்வொரு பக்கத்திலும் முன், பின் என இரண்டு தனித்தனி எஃகுக் கைகள் உள்ளன. இவற்றின் உள்முனைகள் குறுக்குச் சட்டத்தில் பொருத்தப்பட்ட ஓர் அச்சுத் தண்டின் இரு முனைகளில் அமர்கின்றன. முக்கியமான புஷ்கள் இருக்கும் இடம் இதுவே.

ஸ்பிரிங் தட்டு: இரண்டு கீழ்க் கைகளுக்கும் நடுவே போல்ட் போட்டு இணைக்கப்பட்ட எஃகுத் தட்டு. சுருள் ஸ்பிரிங் இத்தட்டுக்கும் குறுக்குச் சட்டத்திற்கும் இடையில் அழுத்தப்பட்ட நிலையில் நிற்கிறது.

டேம்பர்: இக்காரில் இருப்பது இன்றைய கார்களில் காணப்படும் குழாய் வடிவ ஷாக் அப்சார்பர் அன்று. குறுக்குச் சட்டத்தின் மேல் அமரும் நெம்புகோல் வகை டேம்பரே இதில் உள்ளது. அதன் இரண்டு நெம்புகோல்களே மேல் கையாகவும் செயல்படுகின்றன.

கிங்பின்: மேல் கைக்கும் கீழ்க் கைகளுக்கும் இடையே செங்குத்தாக நிற்கும் தண்டு. சக்கரத்தின் அச்சு இதைச் சுற்றியே திரும்புகிறது. இதன் மேல்முனையில் உள்ள ட்ரன்னியன் என்ற இணைப்பில் பக்கத்திற்கு இரண்டு சிறிய ரப்பர் புஷ்கள் உள்ளன.

ஆண்டி-ரோல் பார்: வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் எஃகுக் கம்பி. இதைத் தாங்கும் இடங்களிலும் ரப்பர் புஷ்கள் உள்ளன. சில ஆண்டுகளின் மாடல்களில் இந்தக் கம்பி இல்லை.

நான்கு சிலிண்டர் எம்.ஜி.பியில் கீழ்க் கையின் ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு அரைத்துண்டு புஷ்கள் இருபுறமிருந்தும் செருகப்பட்டிருக்கும். எனவே ஒரு பக்கத்திற்கு நான்கு, முழு வண்டிக்கு எட்டு அரைத்துண்டுகள் தேவைப்படும்.

தேய்வதற்கான காரணங்கள்

ரப்பர் இயற்கையாகவே வயதாகும் பொருள். காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை மெல்ல இறுகச் செய்து வெடிப்புகளை உண்டாக்குகின்றன. ஓடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியிலும் இது நிகழும்.

இரண்டாவது காரணம் எண்ணெய். பழைய எம்.ஜி.பி எஞ்சின்களில் எண்ணெய்க் கசிவு வழக்கமானது. நெம்புகோல் டேம்பர்களிலிருந்தும் எண்ணெய் கசியலாம். இரண்டும் கீழ்க் கைகளின் மேலேயே சொட்டுகின்றன. கனிம எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி, மிருதுவாகி, வலிமை இழக்கிறது. கசிவை நிறுத்தாமல் புஷ்ஷை மட்டும் மாற்றினால் புதிய புஷ்ஷும் அதே வழியில் கெடும்.

மூன்றாவது காரணம் முந்தைய பழுதுபார்ப்பில் செய்யப்பட்ட தவறு. வண்டி தூக்கியிருக்கும்போதே நட்டுகளை முழுவதும் இறுக்கிவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். இது பின்னர் விளக்கப்படுகிறது.

பழுதைக் கண்டறிதல்

பின்வரும் அறிகுறிகள் புஷ் தேய்மானத்தைக் காட்டுகின்றன:

- மேடு பள்ளங்களில் செல்லும்போதும் பிரேக் போடும்போதும் முன்பக்கத்திலிருந்து "டக்" என்ற ஒலி
- நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்த வேண்டிய நிலை
- பிரேக் போடும்போது வண்டி ஒருபுறம் இழுத்தல்
- முன் டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்தல்

இவை வேறு பழுதுகளாலும் வரக்கூடும் என்பதால் நேரில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். கீழ்க் கையின் உள்முனையில் அச்சுத் தண்டு வளையத்தின் நடுவில் தெரிய வேண்டும். அது ஒருபுறம் ஒதுங்கியிருந்தாலோ, ரப்பர் காளான் போல வெளியே பிதுங்கியிருந்தாலோ, வளையத்தின் விளிம்பு வாஷரைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ புஷ் முடிந்துவிட்டது என்று பொருள். நீண்ட கடப்பாரை ஒன்றை வைத்துக் கையை மெதுவாக நெம்பிப் பார்த்தால் தளர்ச்சி தெரியும்.

கிங்பின்னின் கீழ் இணைப்பு, சக்கர பேரிங், ஸ்டீயரிங் கம்பியின் முனை ஆகியவற்றையும் இதே நேரத்தில் சோதிக்க வேண்டும். கிங்பின்னைச் சோதிக்கும்போது ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே ஜாக்கி வைத்து ஸ்பிரிங்கின் விசையைத் தாங்க வேண்டும். இல்லையெனில் அந்த விசை தளர்ச்சியை மறைத்துவிடும். டேம்பரின் நெம்புகோல் தண்டு தன் துளையில் ஆடினால் அதை எந்தப் புஷ்ஷாலும் சரிசெய்ய முடியாது. டேம்பரையே புதுப்பிக்க வேண்டும்.

இக்காரில் புஷ்ஷின் நிலைக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. சக்கரத்தின் சாய்வான கேம்பரையும், கிங்பின்னின் முன்பின் சாய்வான காஸ்டரையும் மாற்ற எம்.ஜி.பியில் எந்தத் திருகும் தரப்படவில்லை. முன் சக்கரங்கள் உள்நோக்கியிருக்கும் டோ-இன் அளவை மட்டுமே சரிசெய்ய முடியும். தேய்ந்த புஷ்ஷால் கேம்பர் மாறிவிட்டால் அலைன்மெண்ட் கடையில் அதைச் சரிசெய்ய வழியில்லை. புஷ்ஷை மாற்றுவதே தீர்வு.

புஷ் வகைகள்

அசல் ரப்பர் அரைத்துண்டுகள்: விலை குறைவு, பொருத்துவது எளிது, பயணம் மென்மையாக இருக்கும். ஆனால் இருப்பவற்றில் விரைவாக நசுங்குபவை இவையே. சந்தையில் கிடைக்கும் மறுதயாரிப்புகளின் ரப்பர்த் தரம் ஒரே சீராக இருப்பதில்லை.

வி8 புஷ்கள்: 1973 முதல் 1976 வரை எம்.ஜி.பி ஜிடி வி8 என்ற மாடல் 3.5 லிட்டர் எஞ்சினுடன் வெளிவந்தது. அதில் நடுவே உலோகக் குழல் கொண்ட ஒரே துண்டான, உறுதி கூடிய புஷ்கள் பயன்படுத்தப்பட்டன. அவை நான்கு சிலிண்டர் காரின் கைகளிலும் பொருந்தும். முழு வண்டிக்கு நான்கு போதும். மென்மையை அதிகம் இழக்காமல் ஸ்டீயரிங்கைக் கூர்மையாக்குவதால் சாலையில் ஓட்டும் உரிமையாளர்கள் பலர் இவற்றையே தேர்ந்தெடுக்கின்றனர்.

பாலியூரித்தேன் புஷ்கள்: ரப்பரைவிட விறைப்பானவை, எண்ணெயால் எளிதில் கெடாதவை. ரப்பர் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும். பாலியூரித்தேன் தன் குழலின் மேல் வழுக்கித் திரும்பும். அதனால் அதற்கென உள்ள சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். கிரீஸ் வறண்டால் கீச்சொலி எழும். சாலை அதிர்வும் சற்று அதிகமாக உள்ளே வரும்.

நைலான் போன்ற கடினப் பிளாஸ்டிக் புஷ்கள்: பந்தயத் தடத்திற்கு உரியவை. அன்றாட ஓட்டத்திற்கு ஏற்றவை அல்ல.

எந்த வகையானாலும் இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் போடும்போது வண்டி இழுக்கும்.

பாதுகாப்பு

இப்பணியில் உண்மையான ஆபத்து ஸ்பிரிங்கில் உள்ளது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள இவ்வண்டியில் ஒவ்வொரு முன் சக்கரமும் கால் டன் அளவுக்குத் தாங்குகிறது. ஸ்பிரிங் சக்கரத்திற்கு நேர் மேலே இல்லாமல் உள்பக்கமாக அமைந்திருப்பதால், நெம்புகோல் விதிப்படி அது தாங்கும் விசை அதைவிடவும் கூடுதல். சக்கரம் தொங்கும் நிலையில் இவ்விசை குறைந்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை. கட்டுப்பாடின்றி விடுபட்ட ஸ்பிரிங் எலும்பை முறிக்கும், உயிரையும் பறிக்கும்.

- வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்தி அடியில் செல்லக் கூடாது. உடலின் உறுதியான பகுதிகளுக்குக் கீழே இரண்டு ஆக்சில் ஸ்டாண்டுகள் வைக்க வேண்டும்.
- பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.
- ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே ஜாக்கி இல்லாமல் மேல் ட்ரன்னியன் போல்ட்டையோ ஸ்பிரிங் தட்டின் போல்ட்டுகளையோ கழற்றக் கூடாது.
- ஸ்பிரிங் வெளிவரும் திசையில் முகமோ கையோ இருக்கக் கூடாது.
- பழைய புஷ்ஷை நெருப்பில் எரித்து எடுக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அப்புகை நச்சுத்தன்மை கொண்டது; அம்முறையைத் தவிர்க்க வேண்டும்.

தேவையான கருவிகள்

அங்குல அளவு ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும், தட்டையான தலை கொண்ட தள்ளுவண்டி ஜாக்கி, ஆக்சில் ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச், பெஞ்ச் வைஸ், சுத்தியல், கம்பித் தூரிகை, துருவைத் தளர்த்தும் எண்ணெய், புதிய ஸ்பிளிட் பின்கள். இக்காரின் நட்டுகள் அங்குல அளவிலானவை. மில்லிமீட்டர் ஸ்பேனர்களைப் பயன்படுத்தினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும்.

கழற்றும் முறை

1. பணிக்கு முந்தைய நாளே எல்லா நட்டுகளின் மேலும் துரு தளர்த்தும் எண்ணெய் விட வேண்டும். டயர் ஓரத்திலிருந்து சக்கர வளைவு வரையிலான உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

2. சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டுகளில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஆண்டி-ரோல் பார் இருந்தால் அதைக் கீழ்க் கையுடன் இணைக்கும் லிங்கைப் பிரிக்க வேண்டும்.

3. ஸ்பிரிங் தட்டுக்கு நடுவில் ஜாக்கியை வைத்து, ஸ்பிரிங்கின் விசையை அது தாங்கும் வரை உயர்த்த வேண்டும்.

4. மேல் ட்ரன்னியனில் உள்ள ஸ்பிளிட் பின்னையும் நட்டையும் எடுத்து, போல்ட்டை உருவ வேண்டும். இப்போது கிங்பின்னின் மேல்முனை விடுபடும். சக்கர அமைப்பை வெளிப்புறமாகச் சாய்த்து, கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடை பிரேக் ஹோஸில் ஒருபோதும் விழக் கூடாது. ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது. பிரேக் செயலிழக்கும்போதுதான் தெரியவரும்.

5. ஜாக்கியை மிக மெதுவாகக் கீழிறக்க வேண்டும். கீழ்க் கைகள் இறங்க இறங்க ஸ்பிரிங் நீண்டு தளரும். முழுவதும் தளர்ந்த பிறகே அதை எடுக்க வேண்டும்.

6. கீழ்க் கைகளையும் கிங்பின்னையும் இணைக்கும் நீண்ட போல்ட்டைக் கழற்ற வேண்டும். கிரீஸ் வைக்கப்படாத வண்டிகளில் இப்போல்ட் தன் உள்குழலோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். பல நேரங்களில் அதை அறுத்தே எடுக்க வேண்டியிருக்கும். புதிய போல்ட்டை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

7. ஸ்பிரிங் தட்டின் போல்ட்டுகளை எடுக்க வேண்டும். பின் அச்சுத் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர் ஆகியவற்றைக் கழற்றிக் கைகளை உருவ வேண்டும். எது முன் கை, எது பின் கை என்று அடையாளமிட வேண்டும்.

சுத்தம் செய்தலும் சோதித்தலும்

அரைத்துண்டு ரப்பர்கள் கையாலேயே வந்துவிடும். ஒரே துண்டு புஷ்ஷை வெளியேற்ற பெஞ்ச் வைஸ் போதும். புஷ்ஷைவிடச் சிறிய சாக்கெட் ஒன்றை ஒருபுறமும், அதைவிடப் பெரிய சாக்கெட் ஒன்றை மறுபுறமும் வைத்து இறுக்கினால் சிறியது தள்ள, புஷ் பெரியதற்குள் சென்று விழும்.

கைகளின் வளையங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை நீக்க வேண்டும். வளையம் முட்டை வடிவில் நீண்டிருந்தாலோ கை வளைந்திருந்தாலோ மாற்ற வேண்டும். அச்சுத் தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். தேய்ந்த தண்டில் புதிய புஷ் நிலைக்காது. ஸ்பிரிங் தட்டின் அடியில் துரு துளையிட்டிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். குறுக்குச் சட்டத்தில் உள்ள ரப்பர் முட்டுத்தாங்கியையும் இப்போது சோதிக்கலாம்.

பொருத்தும் முறை

ரப்பர் புஷ்ஷைச் செருகச் சோப்புத் தண்ணீரே போதுமானது. அது பின்னர் உலர்ந்துவிடும். சாதாரண கிரீஸும் எஞ்சின் எண்ணெயும் ரப்பரைக் கெடுப்பதால் அவற்றைத் தொடக் கூடாது.

புஷ்கள் பொருத்திய கைகளை அச்சுத் தண்டில் ஏற்றி, வாஷரும் நட்டும் போட்டு விரலால் மட்டும் இறுக்க வேண்டும். ஸ்பிரிங் தட்டின் போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகவே விட வேண்டும். எல்லாத் துளைகளும் நேர்கோட்டில் வந்த பிறகு அவற்றை முழுவதும் இறுக்கலாம். கீழ் இணைப்பின் உள்குழல், வாஷர்கள், சீல்கள் ஆகியவற்றைப் புதிய கிரீஸுடன் பொருத்திப் போல்ட்டைச் செலுத்த வேண்டும்.

அடுத்து ஸ்பிரிங்கைத் தட்டில் நேராக அமர்த்தி ஜாக்கியால் மெல்ல உயர்த்த வேண்டும். ஸ்பிரிங்கின் மேல்முனை தன் இருக்கையில் சரியாக அமர்வதைப் பார்த்தபடியே உயர்த்த வேண்டும். கிங்பின்னின் மேல்முனை டேம்பர் நெம்புகோல்களுக்கு இடையே வந்ததும் புதிய ட்ரன்னியன் புஷ்களுடன் போல்ட்டைச் செருகி நட்டுப் போட வேண்டும். பிறகு சக்கரத்தை மாட்டலாம்.

இறுதி இறுக்கம்

இப்பணியில் அதிகம் தவறவிடப்படும் படி இதுவே. நட்டை இறுக்கியதும் ரப்பரின் உட்பக்கம் அச்சோடும் வெளிப்பக்கம் கையோடும் பிடித்துக்கொள்கிறது. அதன் பின் கை அசையும்போது ரப்பர் வழுக்குவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே முறுக்கு இல்லாத நிலை.

சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையிறக்கிய உடனேயே புஷ் பெருமளவு முறுக்கப்படும். மேட்டில் ஏறும்போது இன்னும் முறுக்கேறும். புதிய புஷ்ஷும் விரைவில் கிழியும். வண்டியும் இருக்க வேண்டிய உயரத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். ஆகவே வண்டியைச் சக்கரங்களின் மேல் இறக்கி, முன்னும் பின்னும் சிறிது உருட்டி, முன்பக்கத்தைச் சில முறை அழுத்தி விட்ட பிறகே அச்சுத் தண்டின் நட்டுகளைப் பட்டறைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். சரிவு மேடைகளின் மேல் முன் சக்கரங்களை ஏற்றி நிறுத்தினால் அடியில் கை செல்ல இடம் கிடைக்கும். கடைசியாகப் புதிய ஸ்பிளிட் பின்களைச் செருக வேண்டும். துளை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தாமல் மேலும் சற்று இறுக்கியே நேராக்க வேண்டும்.

குழலின் மேல் சுதந்திரமாகத் திரும்பும் பாலியூரித்தேன் புஷ்களுக்கு இந்த முறுக்குச் சிக்கல் பெரிதாக இல்லை. எனினும் இதே வரிசையைப் பின்பற்றுவதால் இழப்பு எதுவுமில்லை.

பணிக்குப் பின்

புதிய புஷ்கள் கைகளைப் பழைய இடத்திற்குக் கொண்டுவருவதால் டோ-இன் அளவு மாறியிருக்கும். எம்.ஜி.பிக்கு உரிய டோ-இன் 1/16 முதல் 3/32 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 1.6 முதல் 2.4 மி.மீ. இதை அளந்து சரிசெய்ய வேண்டும். முதல் ஓட்டம் மெதுவான வேகத்தில், ஆளில்லாத சாலையில் பிரேக்கைச் சோதித்தபடி அமைய வேண்டும். சில நாட்கள் ஓட்டிய பின் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம்.

ஒவ்வொரு பக்கத்துக் கிங்பின்னிலும் உள்ள கிரீஸ் நிப்பிள்களில் தவறாமல் கிரீஸ் செலுத்த வேண்டும். வழிந்த கிரீஸையும் சொட்டிய எண்ணெயையும் புஷ்களின் மேலிருந்து துடைத்துவிட வேண்டும்.

பிற கார்களில்

எல்லாப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இப்பணி இவ்வளவு எளிதன்று. 1989 இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரில் மேல், கீழ் இரண்டு கைகளிலும் உலோக உறையுடன் ஒட்டப்பட்ட புஷ்கள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றை எடுக்க ஹைட்ராலிக் பிரஸ் தேவைப்படும். கீழ்க் கையின் போல்ட்டுகள் கேம்பரையும் காஸ்டரையும் மாற்றும் சாய்மையப் போல்ட்டுகளாக இருப்பதால், கழற்றும் முன் அவற்றின் நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் முழு அலைன்மெண்ட் செய்தாக வேண்டும். கார் எதுவானாலும் மூன்று விதிகள் மாறுவதில்லை: ஸ்பிரிங்கை முதலில் கட்டுப்படுத்துதல், இரு பக்கங்களையும் சேர்த்து மாற்றுதல், ரப்பர் புஷ்களின் நட்டுகளை வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போது இறுக்குதல்.